யாருடைய வாடிக்கை?

1860-ஐ ஒட்டிய காலம். பாரிஸில் ஆஸ்திரியத் தூதரின் மாளிகைக்கு ஓர் இளம்பெண் ஆடை வரைபடங்கள் அடங்கிய தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். தூதரின் மனைவி இளவரசி பௌலீன் ஃபொன் மெட்டர்னிக்கை அவருக்கு முன்பின் தெரியாது. பணிப்பெண் கையில் கொடுத்துத்தான் தொகுப்பை உள்ளே அனுப்பினார். ஓர் ஆங்கிலேயன் பாரிஸ் பெண்களுக்கு உடை தைப்பதாவது என்று இளவரசி முதலில் ஒதுக்கினார். பக்கங்களைப் புரட்டியதும் வந்தவரை உள்ளே வரச் சொன்னார். விலை என்ன என்று கேட்டபோது, இளவரசியே விலையைச் சொல்லலாம் என்று பதில் வந்தது. தலா 300 ஃபிராங்குக்கு மிகாமல் இரண்டு உடைகள் என்று பேசி முடித்தார்கள். அதில் ஒன்றை உடுத்திக்கொண்டு இளவரசி துய்லெரி அரண்மனை நடனத்துக்குப் போனார். பேரரசி யூஜெனியின் கண்ணில் அது பட்டது. தைத்தவரை மறுநாளே வரச் சொன்னார் பேரரசி. அதற்குப் பிறகு அந்த இடத்தில் 300 ஃபிராங்குக்குத் தமக்கு உடை கிடைத்ததே இல்லை என்று இளவரசி தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

தைத்தவர் சார்ல்ஸ் ஃபிரெடெரிக் வொர்த். 1858-இல் ஆட்டோ போபெர்க் என்ற கூட்டாளியோடு ரூ த லா பே தெருவின் 7-ஆம் எண்ணில் கடை தொடங்கியவர். ‘ஓத் கூத்யூர்’ என்று உலகம் சொல்லும் உயர்தர ஆடைத் தொழிலின் தந்தை என்று எல்லா நூல்களிலும் அவர் பெயர் வரும். தொகுப்பை எடுத்துச் சென்றவர் அவர் மனைவி மரி வெர்னே. நூல்கள் அவரை முதல் மாடல் அழகி என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகும். அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை. கஷலென் என்ற பட்டுத் துணிக் கடையில் மரி விற்பனைப் பெண்ணாக இருந்தவர். வொர்த்தும் அங்கே சிப்பந்திதான். அதற்கு முன் லண்டன் துணிக்கடைகளில் நின்று பழகியவர். சால்வையை மரியின் தோளில் போட்டு வாங்க வருபவர்களுக்குக் காட்டுவார் வொர்த். அப்படித்தான் இருவரும் நெருங்கினார்கள், 1851-இல் மணந்துகொண்டார்கள். ஆக, உயர்தர ஆடைத் தொழில் இரண்டு கடைச் சிப்பந்திகளின் வீட்டில் பிறந்தது.

மரி அன்று செய்ததைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அவர் நேரே பேரரசியிடம் போகவில்லை. பேரரசியின் கண் எவர்மேல் விழுமோ அவரிடம் போனார். புதிதாக எதையும் முதலில் அணிந்து பார்க்கத் துணியும் பெண் யார் என்று தெரிந்துகொண்டு போனார். விலையைத் தாம் சொல்லாமல் வாங்குபவர் வாயிலிருந்து வரவழைத்தார். இன்று பாரிஸ், மிலான், துபாய் என்று எந்த ஊரின் சொகுசு ஆடைக் கடையிலும் ‘மூத்த விற்பனை ஆலோசகர்’ என்ற பெயரட்டையோடு நிற்பவரின் வேலை இதுதான். யாரிடம் போவது, எப்போது போவது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அறிந்திருப்பது. தையல்காரரின் கைத்திறனுக்கு நிகரான திறன் இது என்பது என் கருத்து. ஆனால் தைத்தவர் பெயர் துணியில் பொறிக்கப்படுகிறது. விற்றவர் பெயர் பில்லின் மூலையில் ஒரு குறியீட்டு எண்ணாக மட்டும் நிற்கிறது.

தமிழில் நமக்கு ‘வாடிக்கை’ என்ற நல்ல சொல் இருக்கிறது. வழக்கம் என்பது அதன் பொருள். ஒருமுறை வாங்கிச் சென்றவரை நாம் வாடிக்கையாளர் என்பதில்லை, வழக்கமாக வருபவரைத்தான் அப்படிச் சொல்கிறோம். பட்டுக்கடையில் பாய் விரித்து உட்கார்ந்து சேலைகளை ஒவ்வொன்றாக உதறி விரிக்கும் பெரியவர், “போன தடவை அக்கா கல்யாணத்துக்கு அரக்கு எடுத்தீங்களே” என்று தொடங்கினால் பாதி வியாபாரம் முடிந்தது. கடையின் பெயர்ப் பலகையை நம்பி வந்தவர், அதற்குப் பிறகு அந்தப் பெரியவரைத் தேடி வருகிறார். இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அந்த வாடிக்கை கடையினுடையதா, பெரியவருடையதா? சொகுசு ஆடை வணிகத்தின் நூற்றறுபது ஆண்டு வரலாற்றில் விற்பவர்களின் நிலை உயர்ந்ததும் தாழ்ந்ததும் இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடையைப் பொறுத்தே என்று நினைக்கிறேன்.

பாரிஸின் பெரிய தையல் இல்லங்களில் விடை நெடுங்காலம் விற்பவர் பக்கம் இருந்தது. அங்கே விற்பனைப் பெண்ணை ‘வாந்தூஸ்’ என்பார்கள். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு வாந்தூஸ் என்பது ஏற்பாடு. அம்மையார் வந்து இறங்கியது முதல் அவருடைய வாந்தூஸ் உடன் இருப்பார். கண்காட்சியில் எந்த உடை பிடித்தது என்று குறித்துக்கொள்வார், அளவு எடுக்க வைப்பார். ஓர் உடைக்கு வழக்கமாக மூன்று முறை போட்டுப் பார்க்கும் ஒத்திகை நடக்கும், அத்தனையிலும் அருகில் நிற்பார். மேல்மாடித் தையலறைக்கும் கீழே இருக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே தூது போவது அவர் வேலை. “இடுப்பைப் பிடிக்கிறது” என்று வாடிக்கையாளர் சொல்வதைத் தையலறையில் அப்படியே சொன்னால் சண்டை வரும். “உடல் பெருத்துவிட்டது” என்று தையலறை சொல்வதைக் கீழே வந்து சொல்லவே முடியாது. இரண்டு பக்கமும் மனம் கோணாமல் அரை அங்குலத் துணியை விட வைப்பதற்கு எத்தனை பக்குவம் வேண்டும்! வாடிக்கையாளரின் தோள் சாய்வு, கணவரின் சுபாவம், எந்த விருந்தில் எந்த நிறம் உடுத்தினார், அதே விருந்துக்குப் போகும் இன்னொருவருக்கு அதே உடையை விற்றுவிடாமல் பார்ப்பது என எல்லாம் அந்தப் பெண்ணின் குறிப்பேட்டிலும் தலையிலும் இருந்தன. அவர் வேறு இல்லத்துக்கு மாறினால் வாடிக்கையாளர்களும் பின்னாலேயே போனதுண்டு. அதனால் இல்லங்கள் அவர்களுக்கு மதிப்பும் கமிஷனும் கொடுத்தன.

1947 பிப்ரவரி 12 அன்று அவென்யூ மொந்தேனின் 30-ஆம் எண்ணில் கிறிஸ்டியன் டியோர் தம் முதல் தொகுப்பைக் காட்டினார். போர்க்காலச் சிக்கனத்தில் சுருங்கியிருந்த பாவாடைகள் அன்று மீட்டர் கணக்கில் விரிந்தன. வரலாறு அந்த விரிவைப் பேசுகிறது. அன்று மாலை முதல் ஆர்டர்களைப் பிடித்து, வந்தவர்களை இடம் பார்த்து உட்காரவைத்து, யாரை யாரோடு சேர்க்கலாம் என்று கணக்கிட்ட விற்பனைக் கூடத்தின் தலைவி சூசான் லூலிங். டியோரைப் போலவே கிரான்வில் ஊர்க்காரர், அவருடைய இளவயதுத் தோழி. டியோர் இந்தப் பொறுப்புக்கு ஒரு தோழியைத் தேர்ந்ததில் ஒரு கணக்கு இருந்தது என்றே படுகிறது. உடையை நம்பி வருபவர்கள் விற்பவரை நம்பித்தான் திரும்பி வருவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இது மேல்தட்டுக் கதை. அதே பாரிஸில் ஆற்றின் தென்கரையில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1852-இல் அரிஸ்தீத் பூசிகோ ‘லெ பொன் மார்ஷே’ என்ற கடையில் பங்காளியாகச் சேர்ந்து அதைப் பெரும் அங்காடியாக வளர்த்தார். விலைச்சீட்டு ஒட்டிய பொருள்கள், வாங்காமலே சுற்றிப் பார்க்க அனுமதி, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கும் வசதி என்று அவர் வகுத்த வழக்கங்களின் மேல்தான் இன்றைய கடை வணிகம் நிற்கிறது. நிலையான விலை வந்ததும் பேரம் போனது. பேரம் போனதும் விற்பவரின் கையிலிருந்து விலை போய்விட்டது. கையில் மிஞ்சியது பேச்சும் பொறுமையும் கால்களும். அதற்கு ஈடாக விற்ற தொகையில் ஒரு பங்கு கிடைத்தது. ‘கெல்ட்’ என்று அதற்குப் பெயர், பணத்தைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தது. சம்பளத்தை நம்பி எவரும் இருக்கவில்லை, கெல்ட்டை நம்பி இருந்தார்கள்.

எமில் ஸோலா இந்த அங்காடிகளுக்கு நேரில் போய்க் குறிப்பெடுத்து 1883-இல் ஒரு நாவலாக்கினார். அதன் நாயகி தெனிஸ் விற்பனைப் பெண். சிறு நகரத்திலிருந்து வந்த அவளுக்குக் கறுப்புப் பட்டுச் சீருடை தருகிறார்கள். பட்டு உடுத்தி நிற்பவளின் காலணி கிழிந்திருக்கிறது. அடுத்து யார் முறை என்று பலகையில் பெயர் எழுதி வைத்திருப்பார்கள். அந்த வரிசையை மீறி நல்ல வாடிக்கையாளரைப் பறிப்பதில்தான் அன்றாடப் போர். உண்மையான அங்காடிகளிலும் இளம்பெண்கள் கடையின் மேல்மாடி அறைகளிலேயே தங்கவைக்கப்பட்டார்கள். 1869-இல் பாரிஸ் கடைச் சிப்பந்திகள் சங்கம் கட்டி வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவை மிக எளியவை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வேண்டாம், ஞாயிறு விடுமுறை வேண்டும். அவர்கள் தோற்றார்கள்.

நிற்பது பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றி எழுத முடியாது. விற்பனைப் பெண் உட்கார்ந்திருந்தால் கடைக்கு மரியாதைக் குறைவு என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ, அது எல்லா நாட்டுக் கடைகளிலும் வேரூன்றியது. கால் நரம்பு புடைப்பதும் முதுகுவலியும் மாதவிடாய் நாள்களின் வேதனையும் மருத்துவர்கள் எழுத எழுத அரசுகள் மெல்ல அசைந்தன. பிரிட்டனில் 1899-இல் வந்த சட்டம், மூன்று பெண் சிப்பந்திக்கு ஓர் இருக்கையாவது வை என்றது. பிரான்சில் 1900 டிசம்பர் 29-ஆம் தேதிச் சட்டம் ஒருபடி மேலே போய், எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்களோ அத்தனை இருக்கைகள் வேண்டும் என்றது. ‘இருக்கைச் சட்டம்’ என்றே அதை அழைத்தார்கள்.

நம் ஊருக்கு அது வந்துசேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. கேரளத்தில் கடைப் பெண்களின் போராட்டத்துக்குப் பிறகு 2018-இல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வேலை நேரம் முழுக்கக் காலிலேயே நிற்கும்படி ஆகாமல், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்கிறது அது. 2010-இல் வசந்தபாலன் எடுத்த ‘அங்காடித் தெரு’வைப் பார்த்தவர்களுக்கு, ரங்கநாதன் தெருவில் நிற்பதும் உறங்குவதும் எப்படி இருந்தன என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் படமும் ஸோலாவின் நாவலும் நூற்றிருபத்தேழு ஆண்டு இடைவெளியில் ஒரே மாடித் தங்குமிடத்தைக் காட்டுகின்றன. பாரிஸில் இன்று தங்குமிடம் இல்லை, இருக்கை சட்டப்படி உண்டு. ஆனாலும் சொகுசுக் கடைக்குள் போய்ப் பாருங்கள். வெல்வெட் சோபா வாடிக்கையாளருக்கு. ஆலோசகர் குதிகால் உயர்ந்த காலணியில் நிற்கிறார், அல்லது வாடிக்கையாளரின் காலடியில் மண்டியிட்டுச் செருப்பு மாட்டிவிடுகிறார்.

மூத்த விற்பனை ஆலோசகரின் ஒரு நாள் என்பது காலையில் திரையில் தொடங்குகிறது. இன்று யார் பிறந்தநாள், யாருடைய திருத்தத் தையல் முடிந்து வந்திருக்கிறது, சென்ற பருவத்தில் கம்பளி மேலங்கி வாங்கியவர்களில் யாருக்குப் புதிய நிறம் பொருந்தும் என்று பார்த்துச் செய்தி அனுப்புவார். கடை திறந்ததும் நடப்பதை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். வருபவரை உடனே போய் மறிக்கக் கூடாது, கவனிக்காததுபோலவும் இருக்கக் கூடாது. அவர் எந்த அலமாரி முன் இரண்டாம் முறை நின்றார் என்பதை மட்டும் கண் குறித்துக்கொள்ள வேண்டும். அளவைக் கேட்காமலே கண்டுபிடிக்க வேண்டும். பிரெஞ்சு 38 என்பது இத்தாலியில் 42, பிரிட்டனில் 10, அமெரிக்காவில் 6. தவறாகப் பெரிய அளவைக் கொண்டுவந்து நீட்டினால் அந்தப் பெண்ணின் அன்றைய நாளே கெட்டுவிடும். ஆகவே இரண்டு அளவுகளைக் கொண்டுவந்து, “இந்த வெட்டு கொஞ்சம் இறுக்கமாக வரும்” என்று பழியைத் துணிமேல் போடுவார்கள். கோட்டின் முன்புறத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து உள்ளே கான்வாஸ் வைத்துத் தைத்ததா, பசையால் ஒட்டியதா என்று சொல்லத் தெரிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் பிரான்சில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரி திரும்பக் கிடைக்கும், அதற்கான படிவம், கடவுச்சீட்டு, விமான நிலையத்தில் எங்கே பதிய வேண்டும் என்ற விளக்கம் எல்லாம் இவர் பொறுப்பு. பல சமயம் அந்தப் படிவம் எழுதும் பத்து நிமிடத்தில்தான் உண்மையான உரையாடல் தொடங்குகிறது. எந்த ஊர், எத்தனை நாள் தங்கல், யாருக்கு இந்தப் பரிசு. அதை எழுதி வைப்பவர் மூத்தவர் ஆகிறார், எழுதாதவர் அப்படியே நின்றுவிடுகிறார்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷைல்ட் 1983-இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, உணர்ச்சியையே வேலையாகச் செய்வது என்ற கருத்தை முன்வைத்தார். சிரிப்பு சம்பளத்தின் பகுதியாகும்போது ஒருவர் தம் மனத்தையும் நிர்வகிக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் சொன்னது. சொகுசுக் கடையில் இன்னொரு மடிப்பு சேர்கிறது. தம் ஓராண்டுச் சம்பளத்தையும் தாண்டும் விலையுள்ள பொருளை, அது சாதாரணம் என்ற முகத்தோடு கையில் எடுத்துக் காட்ட வேண்டும். உடலால், உடையால், நடையால் அந்த உலகத்தைச் சேர்ந்தவர்போல் இருக்க வேண்டும். மாலையில் மெட்ரோ பிடித்துப் புறநகர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே தினமும் போய்வருவதன் களைப்பு எந்தப் படிவத்திலும் பதிவாவதில்லை.

இந்தக் கடைச் சிப்பந்திகள் ஏளனமாகப் பார்ப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. 2014-இல் மோர்கன் வார்ட், டேரன் டால் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். சொகுசு பிராண்டின் கடையில் விற்பவர் புறக்கணித்தால், அந்த பிராண்டை அடைய ஏங்குபவரின் ஆசை குறைவதற்குப் பதிலாகக் கூடியது. எளிய விலைக் கடைகளில் அப்படி நடக்கவில்லை. புறக்கணித்தவர் அந்த பிராண்டுக்குப் பொருத்தமான தோற்றத்தோடு இருந்தால்தான் இது பலித்தது என்றும், நாள் செல்லச் செல்ல அந்த ஆசை கரைந்துபோனது என்றும் அவர்கள் கண்டார்கள். பலர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, திமிர்தான் வியாபாரம் என்று எழுதினார்கள். கடைசிப் பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவமானத்தால் தூண்டிய ஆசை இரண்டாம் வருகை வரை தாங்குவதில்லை. மூத்த ஆலோசகரின் பிழைப்போ இரண்டாம் வருகையில்தான் இருக்கிறது. வாசலில் வந்து தயங்கி நிற்கும், உடை கசங்கிய ஒருவரை அதே மரியாதையோடு உள்ளே அழைப்பவர் நல்ல மனத்தால் மட்டும் அப்படிச் செய்வதில்லை, அனுபவத்தாலும் செய்கிறார்.

கதவைத் திறக்கும் அதிகாரம் உண்மையில் யாரிடம் இருக்கிறது என்பதை ஒரு வழக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஹெர்மெஸ் நிறுவனத்தின் பிர்கின் கைப்பை 1984-இல், நடிகை ஜேன் பிர்கினும் நிறுவனத் தலைவர் ஜான்-லூயி துமாவும் விமானத்தில் பக்கத்து இருக்கைகளில் உட்கார்ந்து பேசியதிலிருந்து பிறந்தது. இன்று பணம் இருந்தாலே அது கிடைத்துவிடாது. கடையில் அடுக்கி வைப்பதில்லை, ஆலோசகர் உள்ளேயிருந்து எடுத்துவந்து காட்டினால் உண்டு. 2024 மார்ச்சில் கலிபோர்னியாவில் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். பிர்கின் வேண்டுமானால் முதலில் ஸ்கார்ஃப், காலணி, நகை என்று வேறு பொருள்களை வாங்க வேண்டியிருக்கிறது, இது போட்டிச் சட்டத்துக்கு மாறானது என்பது அவர்கள் வாதம். மனுவில் கமிஷன் விவரமும் இருந்தது. வேறு பொருள்களுக்கு 3 சதவீதம், பிர்கின் போன்றவை நீங்கலான கைப்பைகளுக்கு 1.5 சதவீதம், பிர்கினுக்கு ஒன்றுமில்லை என்று மனுதாரர்கள் சொன்னார்கள். 2025 செப்டம்பரில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதிகம் செலவழிப்பவர்களுக்கென்று ஒரு பொருளை ஒதுக்கி வைப்பது மட்டுமே போட்டிச் சட்ட மீறல் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். என் கவனம் அந்த மூன்று எண்களில் நிற்கிறது. அவை உண்மையானால், எல்லோரும் ஆசைப்படும் பொருளை விற்பவருக்கு அதில் பங்கில்லை, அந்தப் பொருளின் நிழலில் விற்கும் மற்றவற்றில்தான் பங்கு. அதாவது ஆலோசகர் விற்பது காத்திருப்பை. “இந்த வாரம் ஏதாவது வந்ததா?” என்று ஆறு மாதமாகக் கேட்கும் ஒருவருக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்வதும், அந்த ஆறு மாதத்தில் அவர் வந்துபோவதை ஒரு நட்பாக மாற்றுவதும் அவர் வேலை. யாருக்குப் பை போகும் என்ற முடிவு பெரும்பாலும் அவருக்கு மேலே இருப்பவருடையது. கோபமோ அவர் முகத்தின்மேல் விழுகிறது.

ஏன் இத்தனை பாடு? பெய்ன் ஆலோசனை நிறுவனத்தின் கணிப்பைப் பார்த்தால் விளங்கும். 2022-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சொகுசுப் பொருள் வாங்குவோரில் மேல்தட்டு 2 சதவீதத்தினர் மொத்த விற்பனையில் சுமார் 40 சதவீதத்தைத் தந்தார்கள். அதே நிறுவனம், 2022-க்கும் 2024-க்கும் நடுவே சுமார் 5 கோடிப் பேர் இந்தச் சந்தையை விட்டு விலகினார்கள் அல்லது விலை உயர்வால் விலக்கப்பட்டார்கள் என்றும் சொன்னது. வாசலில் கூட்டம் குறையக் குறைய, பெயர் தெரிந்த சிலரின் மதிப்பு ஏறுகிறது. அந்தச் சிலரின் பெயர் தெரிந்தவரின் மதிப்பும் ஏறியிருக்க வேண்டும். எல்விஎம்ஹெச் குழுமம் 2014-இல் கைவினைத் தொழில்களுக்கென்று தொடங்கிய பயிற்சி நிறுவனம் தோல் தைப்பவர், நகை செய்பவர் வரிசையில் விற்பனையையும் ஒரு தொழிற்கலையாகச் சேர்த்துக்கொண்டது. இது நல்ல மாற்றம், மனமார வரவேற்கிறேன்.

ஆனால் நேரம் மறுபக்கம் இழுக்கிறது. 1869-இல் தோற்றவர்கள் கேட்ட ஞாயிறு ஓய்வு 1906 ஜூலையில் சட்டமானது. 2015 ஆகஸ்டில் வந்த மக்ரோன் சட்டம், சர்வதேசச் சுற்றுலாப் பகுதிகள் என்று சில இடங்களைக் குறித்து, அங்கே கடைகள் ஞாயிறன்றும் நள்ளிரவு வரையும் திறக்க வழிசெய்தது. பாரிஸின் சொகுசுத் தெருக்கள் அந்தப் பகுதிகளில்தான் இருக்கின்றன. ஊழியர் விருப்பப்பட்டால்தான், கூடுதல் ஊதியத்தோடுதான் என்று சட்டம் சொல்கிறது. இதை ஒரே பக்கமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. 2013-இல் ஷான்ஸெலிஸே வீதியின் செஃபோரா அழகுப்பொருள் கடை இரவு 9 மணிக்கே மூட வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கியபோது, அந்தக் கடையின் ஊழியர்கள் பலர் இரவு வேலை வேண்டும் என்று எதிர்த்து நின்றார்கள். படித்துக்கொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு இரவு நேரம் தோதாக இருந்தது, கூலியும் கூட. ஓய்வு வேண்டும் என்பதும் உண்மை, அந்தக் கூலி வேண்டும் என்பதும் உண்மை.

கடை நேரம் முடிந்த பிறகும் கைப்பேசி ஒலிக்கிறது. சீன வாடிக்கையாளருக்கு வீசாட், வளைகுடாக்காரருக்கு வாட்ஸ்அப். நள்ளிரவில் ஒரு படம் வருகிறது: “இது என் நீல உடையோடு பொருந்துமா?” எந்த நீல உடை என்பது ஆலோசகருக்குத் தெரியும். வாந்தூஸின் குறிப்பேடு இப்போது நிறுவனத்தின் மென்பொருளாகிவிட்டது. பிறந்தநாள், நாயின் பெயர், ஒவ்வாமை, விவாகரத்து ஆனதா, எந்த நிறத்தை வெறுக்கிறார் என்றெல்லாம் ஒரு காலத்தில் கிறுக்கலாக இருந்தவை கட்டம் கட்டமாக நிரப்பப்படுகின்றன. 2018 மே முதல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் நடைமுறையில் உள்ளன. வாடிக்கையாளர் தம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டு வாங்கிப் பார்க்கலாம். குறிப்புகள் தேவைக்கு மிஞ்சியதாகவோ புண்படுத்துவதாகவோ இருக்கக் கூடாது என்று பிரெஞ்சுத் தரவு ஆணையம் வலியுறுத்துகிறது. அது நியாயம்தான். தன் நாயின் பெயரைச் சொன்ன பெண் அதை ஓர் ஆளிடம் சொன்னார், ஒரு சர்வருக்குச் சொல்லவில்லை.

அந்த சர்வர்களில் இருப்பவை திருடப்படவும் செய்கின்றன. 2025-இல் டியோர், லூயி வுய்ட்டான், பிறகு குச்சியும் பலென்சியாகாவும் அடங்கிய கெரிங் குழுமம் என ஒன்றன்பின் ஒன்றாக வாடிக்கையாளர் தரவு கசிந்ததை ஒப்புக்கொண்டன. கெரிங் விஷயத்தில் அட்டை எண்கள் போகவில்லை. பெயரும் முகவரியும், சிலர் கடையில் இதுவரை எவ்வளவு செலவழித்தார்கள் என்ற தொகையும் போயின என்று பிபிசி எழுதியது. ஒரு வாந்தூஸ் உயிரே போனாலும் வெளியே சொல்லாத செய்தி அது.

ஆலோசகர் வேலையை விட்டுப் போகும் நாளில் கைப்பேசியை ஒப்படைக்கிறார், அதில் இருந்த பெயர்களும் அங்கேயே நிற்கின்றன. வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துப்போனால் பிரெஞ்சுச் சட்டத்தில் அது நம்பிக்கை மோசடிக் குற்றமாகலாம். பதினைந்து ஆண்டு நிற்றலில் சேர்ந்த அறிவு, யாருக்கு எந்தக் கழுத்து வெட்டு ஒத்துவராது என்பது முதல் யாரிடம் தாயின் மரணத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பது வரை, கணக்குப்படி நிறுவனத்தின் சொத்து. மறுநாள் அந்த இடத்தில் புதியவர் நிற்கிறார். கையில் டேப்லெட், திரையில் எல்லா விவரமும். சனிக்கிழமை பிற்பகல் பழைய வாடிக்கையாளர் உள்ளே வருகிறார். புதியவர் புன்னகைத்து, பெயர் சொல்லி வணங்கி, சென்ற மார்ச்சில் எடுத்த சாம்பல் நிறக் கோட்டு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார். விவரத்தில் ஒரு பிழையும் இல்லை. வந்தவர் கடையைச் சுற்றி ஒருமுறை கண்ணை ஓட்டிவிட்டுக் கேட்கிறார், “அவங்க எங்கே?”